ஒரு தாரா குறைகிறது

“05.09.2009, சனி. மழை. விழுந்தவை இருபத்தேழு. கிடைத்தவை இருபத்தாறு.”

அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் ஆவணி மாதப் பக்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எழுதிய இடம் டென்மார்க்கில் விபோர்க் நகரத்துக்கு வெளியே ஒரு குளக்கரை. எண்ணப்பட்டவை தாராக்கள். தமிழ்நாட்டார் வாத்து என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் தாரா என்போம்.

புயல் அடித்த நாள், மின்சாரம் திரும்பி வந்த நாள், யார் வீட்டில் யார் கண்ணை மூடிய நாள் என்று எல்லாவற்றையும் திகதியோடு குறித்துவைப்பவன் நான். இது எனக்கு உத்தியோகம் அல்ல, பழக்கம். திவசம் நெருங்கும்போது திதி மறந்துபோன அயலவர்கள் என் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். நானும் பார்த்துச் சொல்வேன். அந்தப் பழக்கம்தான் என்னை டென்மார்க்குக்கு அனுப்பியது. ஒரு திகதி கேட்டுவர நான் போனேன்.

என் மனைவிக்கு இரண்டு தம்பிமார். மூத்தவன் தவராசா, நாங்கள் தவம் என்போம், எண்பதுகளிலேயே டென்மார்க் போய்விட்டான். இளையவன் ரூபன் கிளிநொச்சியில் வானொலி திருத்துபவன். மே மாதம் யுத்தம் முடிந்த கடைசி நாட்களில் ரூபனும் மனைவி சுகந்தியும் கடலோரத்தில் சனத்தோடு சனமாக இருந்தார்கள். எல்லோரும் வெளியேறத் தொடங்கியபோது, நடக்க முடியாத ஓர் அயல்வீட்டு ஐயாவைத் தூக்கிவருகிறேன், நீ நட என்று சொல்லி அவன் திரும்பிப் போனான். வட்டுவாகல் பாலத்தைச் சுகந்தி தனியாகக் கடந்தாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. வவுனியா முகாமில் நான் அவளைப் பார்த்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது.

மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாயாருக்கு, முன்னோருக்குப் படைக்கும் புரட்டாதி மாளயத்துக்கு முன்னர் மகனுக்கு அந்தியேட்டி என்ற கருமக் கிரியையைச் செய்துவிட வேண்டும். ஐயர் திதி கேட்டார். அட்டமியா, நவமியா, தசமியா? மூன்றுக்கும் பஞ்சாங்கத்தில் இடம் இருந்தது. மூத்த மகன் சம்மதித்து ஒரு நாளைச் சொன்னால் அந்த நாளை வைத்துச் செய்யலாம் என்றார் ஐயர். ஆனால் தொலைபேசியில் இந்தக் கதையை எடுத்தாலே தவம் வைத்துவிடுகிறான்.

“நேரை போய்க் கேளுங்கோ, தம்பி,” என்றார் மாமி. “எந்த நாளெண்டாலும் சொல்லட்டும். என்ரை பிள்ளை பசியோட நிக்கிறான்.”

திங்கட்கிழமை கொப்பன்ஹேகனில் இறங்கிப் புகையிரதம் ஏறினேன். அந்த நாட்டில் புகையிரதம் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பாதி வடக்கே போகும், மற்றது மேற்குக் கடற்கரைக்குப் போகும். நான் கோப்பி தேடி முன்பக்கப் பெட்டிகளுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நடந்து போக வழி இல்லை. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. என் சூட்கேஸ் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

எதிரே கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். டிக்கெட் பரிசோதகரை அழைத்தார். அவர் என் சட்டைப் பையில் இருந்த தவத்தின் இலக்கத்துக்கு அழைத்தார். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் ஆறுதலாக ஒரு கறுத்த மிட்டாய் தந்தார். வாயில் போட்டேன். உப்பு! மிட்டாயில் உப்புப் போடும் நாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை.

சூட்கேஸ் எனக்கு முன்னரே விபோர்க் போய்ச் சேர்ந்தது. தவம் அதை எடுத்துக்கொண்டு வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பவும் நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போனான். காரில் அவன் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் விளங்கிவிட்டது. ஊரிலிருந்து சூட்கேஸ் வந்தால் எங்கள் சனம் சொந்தக்காரனுக்காகக் காத்திருப்பதில்லை. கருவாட்டுப் பொதி கசிந்து மணத்ததால் தவத்தின் மனைவி வசந்தி அதைத் திறந்திருக்கிறாள். மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் மேலே, துணி சுற்றி, மாமி எனக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தார். பெரிதாக்கிச் சட்டம் போட்ட ரூபனின் படம். அதில் சந்தனச் சீவல் மாலை.

படம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வசந்தி என்னைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மகள் ஆர்த்தி, பதினேழு வயது, டேனிஷில் ஏதோ கேட்டாள். மேசைக்குக் கீழே இருந்து ஒரு கறுப்பு நாய் வந்து என் கையை முகர்ந்துவிட்டுப் போனது.

“உதுக்கோ அத்தான் வந்தனீங்கள்?” என்றான் தவம்.

நான், மாலை வைத்தது எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல.

அவன் மாலையைக் கழற்றி என் கையில் தந்தான். படத்தைத் துடைத்து, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஆர்த்தியின் பள்ளிக்கூடப் படத்துக்கும் அவர்களுடைய கலியாணப் படத்துக்கும் நடுவில் வைத்தான். உயிரோடு இருப்பவர்களின் வரிசை அது.

“சனிக்கிழமை என்னோட தாராச் சூட்டுக்கு வாங்கோ. நாய்க்கு அதுதான் முதல் வேட்டை. அது முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்,” என்றான். “அதுவரைக்கும் இந்தக் கதை இந்த வீட்டிலை வேண்டாம்.”

செவ்வாய் விடிய வெடிச்சத்தம் கேட்டு எழுந்தேன். ஒன்றல்ல. வடக்கே இரண்டு, பிறகு கிழக்கே, பிறகு எல்லாப் பக்கமும். எங்கே இருக்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, இடுப்பில் கட்டிய சாரத்தோடு, யன்னல் இல்லாத நடைபாதைச் சுவரோடு ஒட்டி நின்றேன். வேலைக்குப் போக வெளிக்கிட்டு வந்த வசந்தி விளக்கைப் போட்டாள்.

“ஐயோ அண்ணை! இண்டைக்கு செப்டெம்பர் ஒண்டு. தாரா சுடத் தொடங்கிற நாள். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனம்.”

பிறகு என் கைப்பையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது போய்விட்டது. “நானும் வந்த வருசம் உப்பிடித்தான் நிண்டனான்,” என்றாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு சைக்கிளில் போனாள்.

ஒரு நாடு முழுவதும் ஒரே விடியலில் சுடத் தொடங்குவதற்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. இன்ன திகதிக்குப் பிறகு சுடக்கூடாது என்பதற்கும் நாள் இருக்கிறது. நான் பஞ்சாங்கத்தில் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை தவம் துவக்கைக் காட்டினான். களஞ்சிய அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் இரட்டைக் குழல். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் துவக்கு இருக்கிறது என்றால் அதற்கு என்ன பொருள், அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதை இருபது வருடம் பார்த்தவன் நான். என் கை அதைத் தொட மறுத்தது.

“பொலிசுக்குத் தெரியுமோ?”

“பொலிசுதான் அத்தான் அனுமதி தந்தது.” அவன் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து சில வருடங்களுக்கு முன் வேட்டைச் சோதினை எழுதியிருக்கிறான். “முழுக்கப் பறவையளின்ரை பேர். எந்தப் பறவையை எந்த மாதம் சுடலாம், எதைச் சுடவே கூடாது. பிழையானதைச் சுட்டால் வழக்கு.”

எந்த உயிரைச் சுடக்கூடாது என்று சோதினை வைத்துவிட்டுத் துவக்குக் கொடுக்கும் அரசாங்கத்தைப் பற்றி அன்று மதியம் முழுவதும் யோசித்தேன்.

நாயின் பெயர் லூனா. லாப்ரடோர் இனம், ஒன்றரை வயது, பெட்டை. ஊர் நாய்களைப்போலப் படலையில் கிடப்பதில்லை. சோபாவில் எனக்கு முன் இடம் பிடித்துவிடும். அதற்கு எல்லாக் கட்டளையும் டேனிஷில்தான். தமிழ் விளங்காத நாயும் டேனிஷ் விளங்காத நானும் பகல் முழுவதும் தனியாக அந்த வீட்டில் இருந்தோம். வியாழக்கிழமை ஆர்த்தி அதைத் தோட்டத்தில் பழக்குவதைப் பார்த்தேன். பச்சைத் துணி உருளை ஒன்றை எறிவாள். நாய் உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். “ஆப்போர்ட்” என்றதும் ஓடி எடுத்துவந்து பல் படாமல் கையில் தர வேண்டும்.

“நாய் இல்லாமல் தாரா சுட ஏலாது மாமா,” என்றாள் ஆர்த்தி, எனக்காகத் தேடித் தேடித் தமிழில். “சட்டம். விழுந்தால் எடுக்க வேணும். எடுக்க ஆளில்லாட்டி சுடக் கூடாது.”

அவள் தமிழைத் தவறாகச் சொல்கிறாளோ என்று அன்று மாலை தவத்திடம் மறுபடி கேட்டேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளி மரக்கறி நாள். வசந்தி கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும் வைத்தாள். சாமி அறையில் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டில் மே மாதத்திலிருந்து விளக்கு ஏற்றுவதா இல்லையா என்று என் மனைவிக்கும் மாமிக்கும் தினமும் வாக்குவாதம். சாவு என்றால் துடக்கு, விளக்கு ஏற்றக்கூடாது. சாவு இல்லையென்றால் துடக்கு இல்லை. இங்கே விளக்கு எரிந்த விதத்திலேயே தவத்தின் பதில் இருந்தது. ஆனாலும் ஞாயிறுவரை பொறுத்திருப்பது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை காரில் ஏறும்போது வேலிக்கு அப்பாலிருந்து அயல்வீட்டுக்காரர் உற்சாகமாக ஏதோ கத்தினார்.

“என்னவாம்?”

“முறியட்டும், உடையட்டும் எண்டு சொல்லுறார்,” என்றான் தவம். “வேட்டைக்குப் போறவனுக்கு நல்லா வா எண்டு சொல்லக் கூடாதாம். சொன்னால் ஒண்டும் கிடையாது.”

நான் அதிர்ந்தாலும், வெளிக்கிடுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் கெடும் என்று நாங்கள் நினைப்பது ஞாபகம் வந்தது. மனம் சமாதானமாகிவிட்டது.

குளம் கிர்ஸ்டன் என்ற பெண்ணுடையது. அறுபதைத் தாண்டியவர், பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். அன்றைய வேட்டைக்குத் தலைவி அவர்தான். பத்துப் பன்னிரண்டு பேர் பச்சைச் சட்டை போட்டு, துவக்குகளை நடுவில் மடித்துத் திறந்து, குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி கையில் தொங்கவிட்டு நின்றார்கள். வசந்தி கட்டித்தந்த ரோல்ஸ் பொதியைத் தவம் திறந்தான். பாண் துண்டில் கல்லீரல் அரைத்துப் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைப் போட்டுவிட்டு வந்தார்கள். உறைப்பில் ஒருவருக்குக் கண்ணீர் வந்தது. “தவத்தைக் கூப்பிடுவது அவன் சூட்டுக்காக அல்ல, இதற்காகத்தான்,” என்றார் அவர். தவம் அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கிர்ஸ்டன் சட்டங்களைச் சொன்னார், தவம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். தாழப் பறப்பதைச் சுடக்கூடாது. எட்டாத தூரத்தில் சுடக்கூடாது. ஒவ்வொருவரும் தன் சூட்டில் எத்தனை விழுந்தது, எங்கே விழுந்தது என்று ஞாபகம் வைத்திருந்து சொல்ல வேண்டும். கடைசியில் அவர் லூனாவைக் குனிந்து பார்த்து, “இன்றைக்கு உனக்குச் சோதினை,” என்றார்.

நாங்கள் கரையில் நாணல் தட்டிக்குப் பின்னால் நின்றோம். மறு கரையிலிருந்து இரண்டு பேர் வள்ளத்தில் நாணலுக்குள் தட்டிக்கொண்டு வந்தார்கள். தாராக்கள் கிளம்பின. முதல் வெடிச்சத்தத்திலேயே நான் குந்தியிருந்தேன்.

“எழும்புங்கோ அத்தான்,” என்றான் தவம், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இது எல்லாம் மேலைதான் போகுது.”

நாயைப் பார்த்தேன். யுத்தகாலத்தில் எங்கள் ஊர் நாய்களுக்கு விமானச் சத்தம் எங்களுக்கு முன்னரே கேட்கும். கட்டிலுக்குக் கீழே போய்விடும். அவற்றைப் பார்த்து நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடியிருக்கிறோம். இந்த நாய் வெடிச்சத்தத்துக்கு முகத்தை உயர்த்தி, எது விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு நடுங்கியது. பயத்தால் அல்ல என்று தெரிய எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

தவம் ஒன்றை வீழ்த்தினான். “ஆப்போர்ட்.” லூனா தண்ணீரில் பாய்ந்தது. நீந்திப் போய், தாராவைக் கவ்வி வந்து, அவனைத் தாண்டி என்னிடம் வந்து, என் சப்பாத்தின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. பக்கத்துத் தட்டியிலிருந்து சிரிப்பு கேட்டது. “உனக்கு ஊரிலிருந்து புது எசமான் வந்துவிட்டார்!” என்று ஒருவர் நாயைப் பார்த்துக் கத்தினாராம். தாரா இன்னும் சூடாக இருந்தது. இறகில் ஒரு பல் தடமும் இல்லை.

நாய் மூன்றாவது தாராவுக்காகத் தண்ணீரில் இருந்தபோது தவம் இன்னொன்றைச் சுட்டான். அது நேரே விழவில்லை. சரிந்து, இறக்கை அடித்து, நாணலுக்குள் போனது. நானும் பார்த்தேன். நாய் பார்க்கவில்லை.

மழை பிடித்தது. கிர்ஸ்டன் நிறுத்தச் சொல்லிக் கொம்பை ஊதினார். ஒவ்வொருவராகக் கணக்குச் சொன்னார்கள். விழுந்தது இருபத்தேழு. நாய்கள் கொண்டுவந்தது இருபத்தாறு. ஒன்று குறைந்தது. அது தவம் சுட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மற்றவர்களுடைய பழகிய இரண்டு நாய்களை முதலில் விட்டார்கள். நாணலை உழுதுவிட்டு வெறும் வாயோடு வந்தன. பிறகு லூனாவை விட்டார்கள். அது உள்ளே போகும், நாணல் அசைவதை வைத்து எங்கே நிற்கிறது என்று நாங்கள் ஊகிப்போம், வெளியே வந்து தவத்தின் முகத்தைப் பார்க்கும், அவன் கையைக் காட்டுவான், மறுபடி போகும். வளர்ந்த மனிதர்கள் வரிசையாக, இடுப்பளவு தண்ணீரில், நாணலைக் கையால் விலக்கிக்கொண்டு நடந்தார்கள். கொட்டகையில் சூப் தயாராக இருந்தது. அதை யாரோ ஞாபகப்படுத்தினார்.

“சூப்பைத் திரும்பச் சூடாக்கலாம்,” என்றார் கிர்ஸ்டன்.

நான் தவத்தின் காதருகே போனேன். “ஒரு தாராவுக்கோ தவம், இவ்வளவும்?”

“ஓம் அத்தான். ஒரு தாராவுக்குத்தான்.” அவன் முகத்தில் மழைத்தண்ணீர் ஓடியது. “அது காயத்தோடை உள்ளுக்கை கிடக்கும். நான்தானே சுட்டது.”

கடைசியில் லூனா நாணலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. நாணல் அறுத்துக் காதில் இரத்தம். குளிரில் நடுங்கியது, இம்முறை உண்மையான நடுக்கம். அப்படியும் தவம் கையைக் காட்டினால் போகத் தயாராக அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் கை பாதி உயர்ந்தது. கிர்ஸ்டன் வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

“இளம் நாய். இன்றைக்கு இதன் மனத்தை உடைத்தால் இனி எப்போதும் தேடாது. நாளைக்கு வா.”

பிறகு தாராக்களைப் புல்லில் வரிசையாக அடுக்கினார்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, தலைகள் நேராக. எண்ண வசதியாக ஒவ்வொரு பத்தாவதும் வரிசையிலிருந்து சற்று முன்னால் இழுத்து வைக்கப்பட்டது. எண்ணும் பழக்கத்தால் நான் கிட்டப் போனேன். மறுபக்கம் போக வரிசைக்கு மேலே காலைத் தூக்கியபோது தவம் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“கடக்கக் கூடாது! சுற்றிப் போங்கோ. இவையளுக்கு அது பெரிய மரியாதைக் குறைவு.”

என் கால் அந்தரத்தில் நின்றது. முகாமில் சுகந்தி சொன்ன ஒரு விஷயம் அப்போது வந்தது. பாலத்துக்கு வரும் வழியில் முன்னாலே பார்க்கவில்லை, காலை எங்கே வைப்பது என்று நிலத்தையே பார்த்துக்கொண்டு நடந்தோம் என்றாள். சில இடங்களில் வைக்க இடம் இருக்கவில்லை என்றாள். நான் காலைப் பின்னுக்கு எடுத்து வைத்தேன்.

ஒருவர் கொம்பு ஊதினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். மழை தலைகளில் விழுந்தது. இருபத்தாறு தாராக்களுக்காக அத்தனை பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். என்னிடம் தொப்பி இல்லை. வசந்தி கட்டிவிட்ட மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கிர்ஸ்டன் கணக்கை உரக்கச் சொன்னார்: இருபத்தாறு தாரா. சுடப்பட்டது, கிடைக்காதது ஒன்று.

கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். விழுந்ததை எல்லோரும் கண்டார்கள், காயம் நிச்சயம், இந்தக் குளிரில் அது பிழைக்காது. இருபத்தேழு என்று எழுதிவிட்டால் என்ன என்று தவத்திடம் கேட்டேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு அதை அப்படியே கிர்ஸ்டனிடம் டேனிஷில் சொன்னான். அவர் ஆச்சரியத்தோடு என் பக்கம் திரும்பி, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீங்கள் அதன் உடலைக் கண்டீர்களா?”

“இல்லை.”

“அப்படியென்றால் அது இந்த வரிசையில் இல்லை.”

அதில் கோபம் இல்லை. புதியவனுக்கு ஒரு சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் தொனிதான். சொல்லிவிட்டு அவர் சூப்பைச் சூடாக்கப் போய்விட்டார்.

“கேட்டியளோ அத்தான்?” என்றான் தவம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்த பேச்சு முழுவதும் அந்தக் கரையில் முடிந்துவிட்டது. பஞ்சாங்கத்தை எடுத்து, மேலே கண்ட குறிப்பை எழுதினேன்.

ஞாயிறு காலை மாமி தொலைபேசியில் வந்தார். பதில் கேட்க அவரோடு பேசிவைத்த நேரம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் தவம் வாங்கிக்கொண்டான். சத்தம் வெளியே கேட்கும்படி வசந்தி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, நாள் ஒண்டும் சொல்ல மாட்டன். இன்னும் தேட வேணும்.”

“தேடட்டும் மேனை,” என்றார் மாமி. “நான் வேண்டாமெண்டு சொன்னனானே? ஆர் தேடினம்?”

தவம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தான்.

“சொல்லு மேனை. அங்கை ஆர் தேடிக்கொண்டிருக்கினம்? எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வசந்தி குழாயை மூடினாள். தவம் தொலைபேசியை மேசையில் வைத்தான், துண்டிக்கவில்லை. மாமியின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்து, பிறகு பேசுவோம் மாமி என்று சொல்லி வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் நாயின் கழுத்துப் பட்டியைக் கையில் எடுத்திருந்தான்.

குளத்தில் கிர்ஸ்டன் ஏற்கெனவே வந்து நின்றார். மழை விட்டிருந்தது. துவக்கு இல்லை, கொம்பு இல்லை. லூனாவின் காதில் ஆர்த்தி பூசிய மருந்து வெள்ளையாகத் தெரிந்தது. அது முதல்நாள் தேடிய இடத்துக்குப் போகவில்லை. மூக்கை உயர்த்தி நின்றுவிட்டு, எதிர்ப்புறம், வாய்க்கால் கலக்கும் முனைக்குப் போனது. தவம் கூப்பிடப் பார்த்தான். கிர்ஸ்டன் விரலை வாயில் வைத்தார்.

நாய் வெளியே வந்தபோது வாயில் ஒரு தாரா இருந்தது. செத்து விறைத்தது. இம்முறை அது என்னிடம் வரவில்லை. நேரே தவத்திடம் போய், அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் கையில் கொடுத்தது.

தவம் மண்டியிட்டான். நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, அதன் ஈரத் தலையில் முகத்தை வைத்தான். தோள் குலுங்கியது. மே மாதத்திலிருந்து அவன் அழவில்லை என்று வசந்தி எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் கிர்ஸ்டனும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கிர்ஸ்டன் தாராவை வாங்கி, இறக்கையை விரித்துப் பார்த்தார். இறகுகளை ஊதிப் பார்த்தார். சேவல் தாரா, ஆனால் இந்த மாதத்தில் சேவல்களும் இறகு உதிர்ந்து பேடுகளைப்போலவே இருக்குமாம். எல்லாம் ஒன்றுபோல. செப்டெம்பர் ஒன்றிலிருந்து அக்கம்பக்கத்துக் குளங்களிலும் சுடுகிறார்கள். அங்கிருந்து காயத்தோடு பறந்துவந்து விழுந்ததாகவும் இருக்கலாம்.

“இது நேற்றையதுதானா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம்,” என்றார். அதற்கு மேல் போகவில்லை. அதை நேற்றைய கணக்கில் சேர்க்கவும் இல்லை.

அன்று மத்தியானம் வசந்தி முதல்நாள் பங்காகக் கிடைத்த தாராக்களில் ஒன்றைச் சரக்குத்தூள் போட்டுக் கறி வைத்தாள். நல்ல கறி. விறைத்துக் கிடைத்ததைத் தவம் சமைக்க விடவில்லை, தோட்டத்தில் புதைத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னான்: “படம் இஞ்சை நிக்கட்டும் அத்தான். மாலையை நீங்கள் கொண்டு போங்கோ. அம்மாட்டைச் சொல்லுங்கோ, லீவு எடுத்துக்கொண்டு தையிலை நான் வாறன். ஆர் தேடினம் எண்டு கேட்டா. நான் வந்து தேடுறன்.”

“எங்கை போய்த் தேடுவீர்?”

“தெரியாது. முதலிலை சுகந்தியிட்டைப் போறன்.”

திரும்பும் பயணத்தில் நான் கோப்பி வாங்க எழுந்திருக்கவில்லை.

வீடு வந்து, மாலையை மாமியின் கையில் கொடுத்தேன். நடந்ததை விடாமல் சொன்னேன்: நாணல், மழை, சூப், கொம்பு, தொப்பி. மாமி குறுக்கே பேசாமல் கேட்டார். தை மாதம் தவம் வருகிறான் என்று சொன்னபோதும் முகம் மாறவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“அந்தத் தாரா பிறகு கிடைச்சதோ, தம்பி?”

“ஒண்டு கிடைச்சது மாமி. அதுதானோ எண்டு தெரியாது.”

மாமி மாலையைக் கடதாசியில் சுற்றினார். எறியவில்லை. அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த வருட மாளயத்துக்கு காலமான தன் கணவரின் பெயரை மட்டும் மாமி ஐயரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

கிர்ஸ்டனிடம் தவம் மூலம் அந்தத் தாராவைப் பற்றி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றே பதில் வந்தது. 2009 செப்டெம்பர் ஆறாம் திகதி கிடைத்த தாரா, ஐந்தாம் திகதி விழுந்த தாராதான் என்பதற்கு என்னிடம் இதுவரை ஆதாரம் எதுவும் இல்லை.